வங்கி ஏலத்தில் வீடு போன பிறகு: மீதிக் கடனும் உங்கள் உரிமைகளும்

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி (கடன் கட்டாதபோது நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிக்கு வழிசெய்யும் சட்டம்) வங்கி வீட்டை ஏலம் விட்டதும் கடனும் தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. ஏலத் தொகை அசலுக்கும் வட்டிக்கும் ஏலச் செலவுக்கும் போதாவிட்டால், மீதியைக் கேட்டு வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம்; ஜாமீன் கையெழுத்திட்டவரையும் அந்தப் பொறுப்பு தொடரும்.

மாறாகப் பணம் மிஞ்சினால், அந்தச் சொத்தின் மீது வேறு கடன் இல்லாத நிலையில், அது உங்களுக்கே சேர வேண்டியது. ஆகவே முதல் வேலையாக, ஏலத் தொகை எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது, எந்தெந்தச் செலவுகள் கழிக்கப்பட்டன என்ற விவரங்களுடன் கணக்கு அறிக்கையை எழுத்துமூலம் கேளுங்கள். கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். அறிக்கை வந்ததும், ஏலப் பணம் வரவான பிறகும் பழைய அசல் முழுவதற்கும் வட்டி ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். மிக முக்கியமான சரிபார்ப்பு இதுதான்.

கடனை 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லி வங்கி தொடக்கத்தில் தர வேண்டிய கோரிக்கை அறிவிப்போ விற்பனை அறிவிப்போ முறையாக வரவில்லையெனில், நீங்கள் எதிர்க்கும் நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் அதே தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். கெடு குறுகியது என்பதால் வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

மீதிக் கடனைப் பேசித் தீர்ப்பதானால், தொகையை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். கட்டியதும் நிலுவையில்லாச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள்.