ஒரு ஆள், ஒரு துண்டு, இரண்டு தெரு: முதல்முறை ஓராள் நாடகம் போடுவோருக்கு

தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற சண்டையில் திருவிழாவே நின்றுபோன ஊர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பற்றி அரை மணி நேர நாடகம். நடிப்பவர் நீங்கள் மட்டும். செலவு குறைவு என்பது ஒருபுறம். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தெருவும் ஒரே உடம்பிலிருந்து பேசுவதை ஊர் உட்கார்ந்து பார்க்கும், அதுதான் விஷயம்.

இந்த வழியில் முன்னே போனவர் அமெரிக்க நடிகை அன்னா டெவேர் ஸ்மித். 1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸில் யூத மதகுருவின் வாகன வரிசையில் வந்த கார் மோதி ஒரு கறுப்பினச் சிறுவன் இறந்தான். சில மணி நேரத்தில் ஒரு யூத மாணவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார், கலவரம் மூண்டது. ஸ்மித் இரு தரப்பையும் பேட்டி எடுத்தார். அவர்கள் பேசியதைத் தயக்கம், இழுப்பு உட்பட அப்படியே மனப்பாடம் செய்து, எல்லோராகவும் தானே நடித்தார்.

1. கேளுங்கள்

"யார் மேல் தப்பு?" என்று கேட்டால் ஏற்கெனவே பேசிப் பேசித் தேய்ந்த பதில்தான் வரும். "கடைசியாகத் தேர் ஓடிய அன்று வீட்டில் என்ன சமையல்?" என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யும் முன்பே, இது மேடைக்குப் போகும் என்று சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள்.

2. எழுதுங்கள்

நான்கு பேர் போதும்: டீக்கடைக்காரர், ஒரு பாட்டி, வழக்கில் பெயர் சேர்ந்த இளைஞன், வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள். ஆளுக்கு ஏழு நிமிடம். எல்லோரும் கைகோக்கும் கடைசிக் காட்சி ஒன்றை எழுதக் கை பரபரக்கும். வேண்டாம், ஊர் சிரித்துவிடும். இரு பக்கமும் சமம் என்று காட்டவும் வேண்டியதில்லை. அடிபட்டது யார் என்பதை மழுப்பிவிட்டு ஆறுதல் பேசினால் அது பூசி மெழுகுவதுதான்.

3. துண்டை எடுங்கள்

ஒப்பனை தேவையில்லை, ஒரு துண்டு போதும். டீக்கடைக்காரருக்குத் தோளில். பாட்டிக்கு முந்தானை. இளைஞன் அதைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசுவான். பாட்டி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, துண்டை மெதுவாக இறக்கிக் கக்கத்தில் இடுக்குங்கள். யார் முன்னால் யார் அப்படி நின்றார்கள் என்று வசனத்தில் சொல்ல வேண்டாம், பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மாறும்போது ஓடி ஒளியாதீர்கள். நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு விட்டு, துண்டை மாற்றி, அடுத்த குரலை எடுங்கள். ஒத்திகையில் பாதி நேரம் இந்த மாற்றத்துக்கே போகட்டும்.

4. இடம், நேரம்

கோயில் வாசல் வேண்டாம், அங்கேதான் சண்டையே. இரு தெருவும் வந்துபோகும் பள்ளி மைதானம் சரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, ஆகவே 7 மணிக்கே தொடங்குங்கள். நூறு பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம்.

5. முடிந்த பிறகு

கைதட்டல் அடங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். துண்டை மடித்து வைத்துவிட்டு, சொந்தக் குரலில் பேசி, கீழே இறங்கி உட்காருங்கள். டீ கொடுங்கள். பேச்சு தொடங்கும்போது தலைவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பின்வரிசைப் பெண்களிடமிருந்து ஆரம்பியுங்கள். யாராவது உடைந்து அழுதால் கூட்டத்துக்கு நடுவே விசாரிக்காமல், தனியே அழைத்துப்போக நம்பகமான ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அப்புறம், யாராவது வந்து "எங்க தெருவுக்கு வரும்போது அந்தப் பாட்டி பேசுறதை மட்டும் எடுத்துடுங்க" என்பார். எடுக்காதீர்கள்.