கேன் தண்ணீரில் செத்த கப்பிகள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் முதலில் கண்ணில் படுவது கப்பி என்கிற சின்ன வண்ண மீன்தான். "ஈஸியா வளரும் சார், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்லிக் கவரில் கட்டித் தருவார்கள். அந்த 'ஒண்ணும் பண்ண வேண்டாம்' மட்டும் நம் காதில் ஏறுவதில்லை.

என் முதல் ஆறு கப்பிகளை நான் கேன் தண்ணீரில் விட்டேன். மெட்ரோ வாட்டரில் குளோரின் வாடை, போர் தண்ணீரோ உப்பு. நாம் குடிக்கிற தண்ணீரே மீனுக்கும் நல்லது என்று நினைப்பு. வால் சுருங்கி, நின்ற இடத்திலேயே உடம்பை நடுக்கிக்கொண்டு, பத்து நாளில் ஆறும் போய்விட்டன. கப்பிக்குத் தாது உப்புகள் கரைந்த கடினமான தண்ணீர் வேண்டும். கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அதைத்தான் வடிகட்டி எடுத்துவிடுகிறது. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே என்று நாம் திட்டும் போர் தண்ணீர், அளவு மீறிய உப்பு இல்லையென்றால், கப்பிக்குப் பிடித்தமானது. மெட்ரோ வாட்டர் என்றால் வாயகன்ற பக்கெட்டில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சேர்க்கலாம்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து, பளபளவென்று வைப்போம். மூன்றாம் நாள் மீன் மிதக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பான்ஜிலும் கல்லிலும்தான் குடியிருக்கின்றன. அவற்றைக் குளோரினில் கொன்றுவிட்டால் அம்மோனியா அப்படியே தேங்கும். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை (pH) கூடியும் இருந்தால் அதன் நஞ்சு இன்னும் ஏறும். மே மாதச் சென்னைத் தொட்டி இரண்டும்தான். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

தீனி விஷயமும் இதே கதை. கண்ணாடி அருகே போனாலே ஓடி வருகிறது, பசிக்கிறது போல என்று பிள்ளைகள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கப்பி எப்போதும் அப்படித்தான் ஓடி வரும். ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை. மீந்தது அழுகினால் அதுவும் அம்மோனியாதான். ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையே இல்லை.

கடையில் ஜோடி கணக்கில் தருவார்கள், வாங்கிவிடாதீர்கள். ஆண் கப்பிக்கு நாள் முழுக்கப் பெட்டையைத் துரத்துவதே வேலை; ஒரே பெட்டை என்றால் அது களைத்தே செத்துவிடக்கூடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைகள் வேண்டும். குட்டியே வேண்டாம் என்று பெட்டை மட்டும் வாங்குவோருக்கும் ஓர் அதிர்ச்சி உண்டு: ஒருமுறை சேர்ந்தாலே விந்தைப் பல மாதம் உடலில் வைத்திருந்து, மாதம் ஒரு ஈற்று போடும். குட்டிகளைத் தாயே தின்னும். ஒரு கைப்பிடி வேலம்பாசி என்ற நீர்ச்செடி போட்டால் ஒளிந்து பிழைக்கும்.

அப்புறம், பெருகிப்போன குட்டிகளை ஏரியில் விடுவது. "கொசுப்புழுவைத் தின்னுமே, புண்ணியம்தானே?" என்பார்கள். கொசு ஒழிக்கத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கே கப்பியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன் சொந்த ஊர் கரீபியன் தீவான டிரினிடாடும் வெனிசுவேலாவும் சார்ந்த பகுதி. டிரினிடாட் ஓடைகளில் பெரிய மீன்கள் வேட்டையாடும் இடத்தில் ஆண் கப்பிகள் மங்கலாகவும், அருவிக்கு மேலே அந்த எதிரிகள் ஏறி வராத இடத்தில் நல்ல வண்ணமாகவும் இருக்கும். இடத்துக்கேற்பச் சில பத்துத் தலைமுறைகளில் மாறிவிடும் மீன் அது. நம் ஏரியிலும் சமாளித்துப் பெருகிவிடும். நஷ்டம் நம்மூர்ச் சிறுமீன்களுக்கு. கொசுப்புழுவைத் தின்ன, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே திரியும் சிறுமீன் இங்கேயே இருக்கிறது.

நான் மிச்சக் குட்டிகளைக் கேட்கிறவர்களுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பக்கெட் போர் தண்ணீரும்.