புழுக்கத்தை அறிய ஈரப்பதச் சதவீதம் போதாது, பனிப்புள்ளியைப் பாருங்கள்

வானிலைச் செயலி ‘ஈரப்பதம் 90%’ என்று காட்டியதுமே இன்று புழுங்கித் தள்ளும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீராவி கூடாமல் குறையாமல் இருந்தாலும், வெயில் ஏறினால் சதவீதம் இறங்கிவிடும். 20 டிகிரி செல்சியஸில் 90 சதவீதமும் 30 டிகிரியில் 50 சதவீதமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்: ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவி. இரண்டுக்கும் பனிப்புள்ளி 18 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் படியத் தொடங்குகிறதோ, அதுதான் பனிப்புள்ளி. அது உயர உயர வியர்வை உலர்வது மெதுவாகும். 13 டிகிரிக்குக் கீழே காற்று உலர்வாக, இதமாக இருக்கும். 16 வரை பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. 18-ஐத் தாண்டினால் உடம்பு கசகசக்கும், 21-க்கு மேல் புழுக்கம், 24-க்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனையும். பழகிய உடம்புக்கு இந்த எல்லைகள் ஓரிரு டிகிரி தள்ளிப்போகும்.

கணக்கிடுவது எளிது. 100-லிருந்து ஈரப்பதச் சதவீதத்தைக் கழித்து, வருவதை 5-ஆல் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 32 டிகிரி, 70% என்றால் 30-ஐ 5-ஆல் வகுக்க 6, பனிப்புள்ளி 26. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். 35 டிகிரி, 30 சதவீதத்துக்கு இது 21 என்று சொல்லும், உண்மையில் 15-தான்.

கருவியே இல்லாமலும் அளக்கலாம், ஒரு வெப்பமானி இருந்தால் போதும். மெல்லிய, பளபளப்பான உலோக டம்ளரைத் துடைத்து, அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரைப் பாதியளவு ஊற்றுங்கள். சின்னச் சின்ன ஐஸ் துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரையும் வரை கலக்குங்கள். வெளிப்புறப் பளபளப்பு மங்கத் தொடங்கும் கணத்தில் தண்ணீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு ஐஸ் போடுவதை நிறுத்திவிட்டு, மங்கல் மறையும்போது இன்னொரு முறை குறியுங்கள். இரண்டின் சராசரிதான் விடை. ஐஸை மொத்தமாகக் கொட்டினால் அந்தக் கணம் தப்பிவிடும். டம்ளருக்கு அருகே குனிந்து பார்த்தால் மூச்சுக்காற்றே படிந்து ஏமாற்றும். பிளாஸ்டிக்கும் தடித்த கண்ணாடியும் வேண்டாம், அவற்றின் வெளிப்புறம் தண்ணீர் அளவுக்குக் குளிராது.

ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் இந்த எண் நன்றாகப் பயன்படும். உள்ளே 30 டிகிரி, 60%. வெளியே 25 டிகிரி, 90% என்று வையுங்கள். வெளியே குளிர்ச்சிதான், ஆனால் பனிப்புள்ளி உள்ளே சுமார் 22, வெளியே 23. திறந்தால் குளிர்ச்சியோடு ஈரமும் சேர்ந்து வரும். ஏசி போடாத வீட்டில் காற்றோட்டத்துக்காகத் திறப்பது சரியே. இரவில் ஏசி போடப்போகிறீர்கள் என்றாலோ, சுவரில் பூஞ்சை பிடிக்கிறது என்றாலோ மூடி வையுங்கள்.

ஏசி அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகவில்லையா? அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசியாக இருக்கலாம். அது சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. குளிர்ச்சுருளில் படிந்த நீர் வடிந்து வெளியேற நேரமே கிடைப்பதில்லை. கம்பிரசர் நின்ற பிறகும் விசிறி ஓடினால் அந்த நீரே திரும்பவும் ஆவியாகி அறைக்குள் வரும். விசிறியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், ‘டிரை’ முறை இருந்தால் அதில் போடுங்கள்.

தரை வியர்ப்பதற்கும் இதுவே காரணம். தரையின் வெப்பநிலை காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே இருக்கும் வரை எத்தனை முறை துடைத்தாலும் ஈரம் மறுபடி படியும். தரை சூடேறும் வரை ஜன்னல்களை மூடி வையுங்கள்.