சாலை கற்றுத்தந்த பாடத்தை வீட்டில் கடைப்பிடிப்பது எப்படி

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தற்கொலையால் 1,70,924 பேரை இழந்தோம். முதல் எண்ணிக்கையைக் குறைக்க ஹெல்மெட், சீட் பெல்ட், சாலைத் தடுப்பு என்று வழி தேடுகிற நாம், இரண்டாவதைக் கேட்டதும் "விதி", "மனத்தைரியம் இல்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். சாலை உயிரிழப்பே கூடாது என்ற கொள்கையைச் சுவீடன் 1997இல் ஏற்றபோது, மனிதர் தவறத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பதே நம் கடமை என்பதை அதற்கு அடிப்படையாக வைத்தது. சாக வேண்டும் என்ற தவிப்பும் பலருக்குச் சிறிது நேரம் உச்சத்தில் நின்று பிறகு தணிவதால், அந்த நேரத்தை உயிரோடு கடக்கும்படி வீட்டை அமைக்க நம்மால் முடியும்.

வீட்டில் ஒருவர் அப்படித் தவிப்பதாகத் தோன்றினால், முதலில் அவரிடம் கேளுங்கள். "மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கா? செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று தனியாக உட்கார்ந்து நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல வழியில்லாமல் தவித்தவருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். பதில் வரும்போது புத்திமதி சொல்லவோ, பிள்ளைகளைக் காட்டிக் குற்ற உணர்வைத் தூண்டவோ வேண்டாம்.

அடுத்தது, என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது: ஆபத்தான பொருள்களை அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுவது. விவசாய வீடுகளில் விதை மூட்டைக்குப் பக்கத்திலேயே பாதி தீர்ந்த பூச்சிமருந்துப் புட்டி இருக்கும். அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டிவைப்பது, வார் போடாமல் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதற்குச் சமம். இலங்கையின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானபோது, அதனால் நஞ்சருந்துதல் குறையவில்லை என்றே தெரிந்தது. அதே நாட்டில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்த பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே வீட்டுக்குள் பூட்டிவைப்பதோடு நிற்காமல், பூச்சிமருந்தை வேறொருவர் பொறுப்பில் வெளியே வையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊருக்குப் பொதுவான அறையில் விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி தரும் முறையைச் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா செய்துபார்த்திருக்கிறது; உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்தால் இது முடியும். மாத்திரைகளையும் அந்தந்த நாளுக்குரிய அளவை மட்டும் கையில் கொடுத்து, மிச்சத்தை உறவினர் வீட்டில் வைக்கலாம். இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டாம். "நீ தேறும்வரைக்கும் இது அத்தை வீட்டில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டே எடுங்கள்.

தவிப்பு கடுமையாக இருக்கும்போது அவரைத் தனியே விடாதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், ஸ்நேகாவின் எண் 044-24640050, இலங்கையில் மனநல உதவி எண் 1926. ஏதேனும் செய்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தால், கைமருந்தில் நேரம் கடத்தாமல் உடனே ஆம்புலன்ஸை (இந்தியாவில் 108) அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில் தாமதித்து உயிர் போன வீடுகள் உண்டு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதல் சில வாரங்களில் ஆபத்து மீண்டும் கூடும். "சரியாகிவிட்டது" என்று புட்டியைத் திரும்பக் கொண்டுவராமல், அடுத்து மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, அன்றைக்கு நீங்களும் கூடவே போங்கள்.