கார்ப்பரேட் ஃபைனான்ஸ் படிக்க ஒரே ஒரு கம்பெனி போதும்

முதல் செமஸ்டர் தொடங்கும் முன்பே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் என்னிடம் படிக்க வரும் எம்.எஸ்ஸி. ஃபைனான்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனியாக இருக்கட்டும். வங்கி, இன்சூரன்ஸ் வேண்டாம். அவர்களுக்குப் பணம்தான் சரக்கு, உங்கள் பாடத்துச் சூத்திரங்கள் அங்கே அப்படியே செல்லாது. வாடகைக் கடைகள் நிறைய நடத்தும் துணிக்கடை, மளிகைக்கடைத் தொடர் ஏதாவது கிடைத்தால் ரொம்ப நல்லது.

அதன் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் சேர்மன் சிரித்துக்கொண்டிருப்பார், அவரை விட்டுவிடலாம். நேராகப் பின்னால் இருக்கும் நோட்ஸுக்கு (கணக்குகளை விளக்கும் குறிப்புகள்) போங்கள். கடன் எப்போது திருப்ப வேண்டியது, யாருக்கு கேரண்டி கொடுத்திருக்கிறார்கள், புரமோட்டரின் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) மற்ற கம்பெனிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல், எல்லாம் அங்கேதான். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் கடன் கொடுக்கும் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன்; எங்கள் மேசைக்கு வரும் ஃபைலிலும் முதலில் புரட்டுவது இதைத்தான்.

வாடகைக் கடை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து இந்த் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் விதிப்படி, நீண்டகாலக் குத்தகை வாடகை பெரும்பாலும் வாடகைச் செலவாகக் கணக்கில் வருவதில்லை. தேய்மானம், வட்டி என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கடை அதேதான், வாடகையும் அதேதான், ஆனால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) மட்டும் திடீரென்று உயர்ந்து நிற்கும். பணம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் குத்தகையின் அசல் பகுதி, கடன் போன்றவை வரும் ஃபைனான்சிங் தலைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கவனிக்காமல் ஆபரேட்டிங் கேஷை (தொழிலிலிருந்து வரும் பணம்) எடுத்து, கடனில் குத்தகைப் பொறுப்பையும் சேர்க்காமல் மதிப்புப் போட்டால், கம்பெனியை இருப்பதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவீர்கள். வைவாவில் கேள்வி வரும் இடம் இது.

அடுத்தது வாக் (WACC), அதாவது பங்குப் பணத்துக்கும் கடனுக்கும் ஆகும் செலவின் விகிதப்படியான சராசரி. ஒருமுறையாவது தாளில் கையால் போடுங்கள், எக்செல் அப்புறம். பங்கு 60%, கடன் 40% என்று வையுங்கள். சந்தை மதிப்புப்படிதான் விகிதம், புத்தக மதிப்பு வேண்டாம். பங்கின் செலவு, அதாவது பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம், 14%, கடன் வட்டி 9%. சலுகைகளை விட்டுக்கொடுத்து 22% வரி வழிக்குப் போன கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17% வரி வரும். வரி போகக் கடனின் செலவு 6.73%. ஆக வாக் 11.09%.

இப்போது அடுத்த வருடக் கேஷ் ஃப்ளோ 100 கோடி, அதற்கு மேல் நிரந்தர வளர்ச்சி 5% என்றால், வாக்கிலிருந்து வளர்ச்சியைக் கழித்து வரும் 6.09%-ஆல் 100 கோடியை வகுக்க, மதிப்பு சுமார் 1,642 கோடி. வளர்ச்சியை 6% என்று மாற்றினால் 1,965 கோடி. ஒரே ஒரு சதவீதத்துக்கு 300 கோடிக்கு மேல்! பீட்டாவின் (சந்தையோடு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) மூன்றாவது தசமத்துக்கு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இந்த 5%, 6% எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.

தியரியை வருட வரிசையில் படியுங்கள். பொருளாதார அறிஞர்கள் மோடிக்லியானியும் மில்லரும் 1958-இல், வரியும் திவால் செலவும் இல்லாத உலகில் கடன் எவ்வளவு என்பது கம்பெனியின் மதிப்பை மாற்றாது என்றார்கள். 1963-இல் அவர்களே வரியைச் சேர்த்துத் திருத்தினார்கள். 1976-இல் ஜென்சனும் மெக்லிங்கும் நிர்வாகிக்கும் முதலாளிக்கும் உள்ள இழுபறியைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் மையர்ஸும் மஜ்லுஃபும், உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது வெளியே இருப்பவருக்குத் தெரியாததால் என்ன ஆகும் என்று காட்டினார்கள். ஒவ்வொன்றையும் படித்த கையோடு உங்கள் கம்பெனி ஏன் இவ்வளவு கடன் வாங்கியது என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

சீனியர் கொடுக்கும் நோட்ஸில் வரிப் பகுதியை மட்டும் நம்ப வேண்டாம். டிவிடெண்ட் விநியோக வரி 2020-இல் போய்விட்டது. பை-பேக் (கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது) வரி 2024 அக்டோபரில் மாறியது. பழைய கணக்குகளை அப்படியே எழுதினால் மார்க் போகும்.

டோம்பிவிலியிலிருந்து வருபவர்கள் ரயிலில் படிக்கலாமா என்று கேட்பார்கள். காலை ஃபாஸ்ட் லோக்கலில் நிற்கவே இடம் கிடைக்காது. போனில் உங்கள் கம்பெனி அனலிஸ்ட்டுகளோடு நடத்திய கான்ஃபரன்ஸ் கால் ஒலிப்பதிவைப் போட்டுக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். அனலிஸ்ட்டின் கேள்விக்கு சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) எங்கே மழுப்புகிறார் என்று கேட்டு, மாலையில் ஆண்டறிக்கையின் நோட்ஸில் அதே இடத்தைத் தேடிப் பாருங்கள்.