கோரல் வெளுக்குதா? போத்தல் வாங்க முதல் இதைச் செய்யுங்கோ

வீட்டில கடல்தண்ணி மீன்தொட்டியில வளக்கிற கோரல் (பவளம்) சுருங்கினா, வெளுத்தா, கடைக்கு ஓடி ஏதோ ஒரு மருந்துப் போத்தலை வாங்கி ஊத்தாதேங்கோ. கொழும்பில முதல் சந்தேகம் சூட்டிலதான் வரவேணும்.

முதல் வேலை, தேர்மோமீட்டரை மத்தியானம் ரெண்டு மூண்டு மணிக்குப் பாருங்கோ. காலமை 27 காட்டுற டேங்க் பின்னேரம் 30ஐத் தாண்டும், அப்பிடியே நாள்கணக்கா நிண்டா கோரலுக்குள்ள இருந்து சாப்பாடு குடுக்கிற நுண்பாசி வெளியேறிடும், அந்த வெள்ளை அதுதான். வெளுத்ததெல்லாம் செத்ததில்ல. கிட்டப் பாருங்கோ, கண்ணாடி மாதிரி சதை மேல ஒட்டியிருந்தா உயிர் இருக்கு, சதை கழண்டு வெறும் எலும்பு தெரியிற இடம்தான் முடிஞ்சுது. மூடியைத் திறந்து தண்ணிக்கு மேல படுற மாதிரி ஃபேனைப் போடுங்கோ, எங்கட புழுக்கத்தில ரெண்டு டிகிரி இறங்கினாலே பெரிய விசயம். அது காணாட்டி சில்லர் எண்ட, தண்ணியைக் குளிராக்கிற மெசின்தான், வேற வழியில்ல.

அடுத்தது உப்பு. ஃபேன் போட்டா தண்ணிதான் ஆவியாகும், உப்பு அங்கயே நிக்கும், அதால எவ்வளவு தண்ணி குறைஞ்சுதோ அவ்வளவுக்கு ஆர்ஓ ஃபில்டர்ல வடிச்ச நல்ல தண்ணி விடுங்கோ, குளோரின் கிடக்கிற பைப் தண்ணி வேண்டாம். உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல தண்ணியின்ர அடர்த்தி 1.025, 1.026 காட்டினா சரி. கடல் பக்கத்திலதானே எண்டு வெள்ளவத்தையில வாளியோட இறங்காதேங்கோ, கான் தண்ணி வந்து விழுற இடம் அது!

பிறகு தண்ணியைச் சோதிக்கிற டெஸ்ட் கிட். அல்கலினிட்டி, அதாவது தண்ணியின்ர காரத்தன்மை, 8, 9 டிகேஎச்சில (அதை அளக்கிற அலகு) ஆடாம நிக்கவேணும், குறைஞ்சிருந்தா ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல கூட்டாதேங்கோ. மீன் கழிவால சேருற நைட்ரேட் 5, 10 பிபிஎம் (பத்து லட்சத்தில இத்தினை பங்கு) இருக்கட்டும், பூச்சியமாக்கினாலும் கோரல் வெளிறும், கணக்கக் கூடினா மண்ணிறமாகும்.

புது எல்இடி மாட்டின கையோட வெளுத்திருந்தா வெளிச்சத்தைக் குறைச்சு, கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ.

லெதர் கோரல் எண்ட, தோல் மாதிரியான மெது கோரல் சில நாள் மூடிக்கிடந்து மெழுகு மாதிரி ஒரு தோலைக் கழட்டும், அது வருத்தமில்ல, பம்ப்பால நல்ல ஓட்டம் குடுத்தாப் போதும்.

ஸோஆந்திட் எண்ட, குட்டிப் பூ மாதிரிக் கூட்டமா வளருற இனம் விரியாட்டி ராவில டோர்ச் அடிச்சு, அதைத் தின்னுற குட்டி நத்தை, நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) இருக்கோ எண்டு தேடுங்கோ. கையுறை கட்டாயம், ஸோஆந்திட்டில பாலிடாக்ஸின் எண்ட நஞ்சு இருக்கலாம், அது ஒட்டியிருக்கிற கல்லைக் கழுவுறன் எண்டு சுடுதண்ணியில அவிக்கவே கூடாது, ஆவியை இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இருக்கினம்.