மோரியிலிருந்து தென்பெண்ணைக்கு: பெங்களூரில் ஆற்றுக் குழு தொடங்குவது எப்படி?

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணை மணலில் உட்கார்ந்து கரும்பு கடித்து வளர்ந்தவன். பிழைப்புக்கு ஈஜிபுரா வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, இங்கே என் வீட்டு மோரி (சாக்கடை) தண்ணீரும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது என்று. ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாகப் பெள்ளந்தூர் ஏரி, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அப்புறம் தட்சிண பினாகினி. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழையும்போது அதற்குப் பெயர் தென்பெண்ணை. அணையில் நுரை பொங்குகிறது என்று ஊரிலிருந்து வீடியோ வரும்போதெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன், அதில் என் துணி சோப்பும் இருக்கிறது என்று தெரியாமலே.

சரி, இந்தத் தண்ணீரைக் கவனிக்க ஒரு குழு சேர்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

முதல் வேலை: உங்கள் மோரி எங்கே போகிறது?

கூகுள் மேப்பில் சேட்டிலைட் படத்தைப் போட்டு, வீட்டுக்குப் பக்கத்து ராஜகாலுவேயை விரலால் தொடர்ந்து போங்கள். ஹெப்பால் பள்ளத்தாக்கும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கும் தென்பெண்ணைக்குப் போகின்றன. மைசூர் ரோடு, கெங்கேரி பக்கம் இருப்பவர்களுக்கு விருஷபாவதி. அது அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போய்விடும். மேப்பில் பார்த்ததை ஒருநாள் நடந்தும் பாருங்கள். மழை நாளில் வேண்டாம், ராஜகாலுவேயில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது: ஆள் சேர்ப்பது

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். நம் தமிழ் ஆட்கள் நாலு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன், தெருவில் ஒருவர் "தமிழ்நாட்டுக்குத் தண்ணி கேக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பில்லை, இரண்டு மாநில ஆறு என்றாலே இங்கே எல்லோருக்கும் ஒரு பழைய ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் குழுவில் முதலில் சேர்க்க வேண்டியவர் உங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர். பேச்சை அணையிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் இருவர் வீட்டு ஜன்னலுக்கும் வருகிற நாற்றத்திலிருந்து தொடங்குங்கள். அப்புறம் அபார்ட்மெண்ட் சங்கத்தில் ஒருவர், ஏரிக் குழு இருந்தால் அதிலிருந்து ஒருவர், பாலத்தடி டீக்கடைக்காரர். பௌரகார்மிகர்களை, அதாவது துப்புரவுப் பணியாளர்களை, விட்டுவிடாதீர்கள், எந்தக் குழாய் எந்த இடத்தில் திருட்டுத்தனமாகத் திறக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீட்டிங் ஹால் எல்லாம் வேண்டாம், டீக்கடை பெஞ்ச் போதும்.

மூன்றாவது: ஒரு பாலம், ஒரு நேரம், ஒரு நோட்டு

கையுறை போட்டுக் குப்பை பொறுக்கிப் போட்டோ எடுப்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அடுத்த மழைக்கு அதே குப்பை அதே இடத்தில் நிற்கும். ஒரே பாலத்தில் ஆறு மாசம் எழுதிய நோட்டு அப்படிப் போகாது. எங்களுடையது ஞாயிறு காலை ஏழு மணி. தண்ணீரின் நிறம், நாற்றம், நுரை, நேற்று மழை உண்டா, ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. நேரத்தை மாற்றாதீர்கள், ஏனென்றால் பாசி உள்ள தண்ணீரில் பகல் வெயிலில் ஆக்சிஜன் ஏறும், விடியற்காலை இறங்கிக் கிடக்கும். ஒரு வாரம் காலையிலும் மறு வாரம் மத்தியானமும் அளந்தால் ஆறு திருந்திவிட்டது போலத் தெரியும்.

அளக்க என்ன வாங்கலாம்? எல்லோரும் முதலில் டி.டி.எஸ். பேனா வாங்குவார்கள். அது உப்பைத்தான் காட்டும், சாக்கடையைக் காட்டாது. உங்கள் போர்வெல் தண்ணீர் மோரியைவிட அதிகம் காட்டினால் பயந்துவிடாதீர்கள். பி.எச். தாள் வாங்குங்கள், தொழிற்சாலை அமிலம் வந்தால் அது பிடிக்கும். முக்கியமானது கரைந்த ஆக்சிஜன் அளக்கும் கிட். பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய். குளிக்கத் தக்க ஆற்றுக்கு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். பாட்டிலைக் கயிறு கட்டி மேலிருந்து இறக்குங்கள், கையுறை கட்டாயம், குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள்.

நான்காவது: புகார்

சாக்கடை கலந்தால் குடிநீர் வாரியம், எண் 1916. தொழிற்சாலைக் கழிவு என்றால் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் எந்த மேஜையிலும் தங்காது. இந்தப் பாலம், இந்தக் குழாய், இந்தத் தேதிகள் என்று எழுதுங்கள், புகார் எண்ணை நோட்டில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடகாவில் மனு 150 வார்த்தைக்குள் ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும், எங்கள் முதல் மனுவில் ஏழு கேள்வி. திரும்பி வந்துவிட்டது! கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயும் கைகொடுப்பார்.

புகார் எழுதுமுன் உங்கள் அபார்ட்மெண்டின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று இறங்கிப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு கட்டடத்தில் கரண்ட் செலவை மிச்சம் பிடிக்க ராத்திரியில் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார்கள், அந்தச் சங்கத் தலைவர் எங்கள் குழுவில் இருந்தார்.

ஐந்தாவது: கீழே இருப்பவர்களோடு சேருங்கள்

ஓசூர் பக்கத்து விவசாயி ஒருவரின் போன் நம்பர் கிடைத்தால் போதும். வெயில் காலத்தில் சேற்றில் தங்கிய சோப்புச் சத்து பெருமழையில் கலங்கி, தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் நுரையாகப் பொங்குகிறது. அவர் நுரை வந்த தேதியைச் சொன்னால், நம் நோட்டில் அதற்கு முந்தைய நாட்களில் மழை இருந்ததா, நிறம் மாறியதா என்று பார்க்கலாம். இங்கேதான் எங்களுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது: அவருக்கு நுரை வந்தது ஒரு புதன்கிழமை, எங்களிடம் இருந்ததோ ஞாயிறு மட்டும். இப்போது டீக்கடைக்காரர் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்னால் நாற்றம், நுரை என்று ஒரு வரி எழுதி ஆணியில் குத்திவைக்கிறார். ஞாயிறு காலை டீ குடித்துவிட்டு அந்த ஏழு தாளையும் நாங்கள் நோட்டில் ஒட்டிக்கொள்கிறோம்.